ஏழு மாத விருந்தாளி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். கண்டக்டர் அந்த வீட்டில் ஏழு மாதமாக விருந்தாளியாக இருந்தார்.

வழி தவறி வந்து உட்கார்ந்துகொண்டவர் இல்லை. ஐம்பத்து நான்காவது வயதில், பதிவு அலுவலகத்தில் முறையாகக் கையெழுத்துப் போட்டு, சிப்பிக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர். அதற்குமுன் முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தார். அவருடைய பஸ் ஓடிய தடத்தில் கடல் என்ன, சொல்லிக்கொள்ளும்படி ஒரு ஆறுகூடக் கிடையாது. ஒரு நாள் அந்த பஸ்ஸில் போன சிப்பிக்காரி தன் பையை மறந்து இறங்கிவிட்டாள். உள்ளே இருந்த முகவரியைப் பார்த்து, மூன்று பஸ் மாறி, பையைக் கொண்டுவந்து கொடுத்தார். பையைக் கொடுக்க வந்தவர் பிறகு பையில்லாமலும் வர ஆரம்பித்தார். இரண்டு வருஷம் கழித்து, வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தார்.

சிப்பிக்காரிக்குக் கணவர் இறந்து ஒன்பது வருஷம். கடல் நிலத்துக்குள் வளைந்து புகுந்து அமைதியாக நிற்கும் இடத்தில் மூங்கில் தெப்பங்கள் கட்டி, கயிறு கயிறாகச் சிப்பி வளர்ப்பது அவள் தொழில். படகு ஓட்ட அவளுடைய தம்பி. ஒரே மகள். இருபத்தாறு வயது. நகரத்தின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கதையில் சிக்கல் மகள்தான். அதாவது, மகளுடைய மரியாதை.

அவள் அவரை ஒரு சொல் குறைவாகப் பேசியதில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பாட்டு மேஜையில் முதல் தட்டு அவருக்கு. அதுவும் கண்ணாடி அலமாரியில் இருந்த, பூப்போட்ட தட்டு. மற்ற மூவருக்கும் விளிம்பு நசுங்கிய எவர்சில்வர். அவர் குளிக்கப் போனால் துவைத்து மடித்த துண்டு கதவில் தொங்கும். குடித்த தம்ளரைக் கழுவலாம் என்று எழுந்தால், "ஐயோ, நீங்க வைங்க, நான் பாத்துக்கறேன்" என்று கையிலிருந்து வாங்கிவிடுவாள்.

அதே வாய்தான் மாமனைப் போட்டு வறுத்தெடுக்கும். "மாமா, ஈரக் கயித்த நடு ஹால்ல போடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது? மண்டைக்குள்ள மூளை இருக்கா, இல்ல அங்கயும் சிப்பிதானா?" மாமன் சிரித்துக்கொண்டே கயிற்றை எடுத்து, இன்னொரு தப்பான இடத்தில் போடுவான். அம்மாவையும் விடமாட்டாள். தெருவில் பால்காரர் முதல் மீட்டர் பார்ப்பவர் வரை, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. தனக்கு வேண்டியவர்களை மட்டும்தான் அவள் திட்டுவாள் என்று கண்டக்டர் வந்த இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிட்டார். அவரை மட்டும் திட்டுவதில்லை.

மனைவி திட்டினாளே என்றால், அது கணக்கில் சேராது. அது கல்யாணப் பத்திரத்தோடு சேர்ந்து வருவது.

அவள் தன்னை அப்பா என்று கூப்பிட வேண்டும் என்றெல்லாம் அவர் ஆசைப்படவில்லை. அந்தப் பெயருக்கு உரியவர் ஹாலில் படத்தில் இருந்தார். அவர்மேல் இவருக்கு மதிப்பு உண்டு. இவர் கேட்டது அதைவிடச் சின்னது. அந்த வீட்டில் தானும் ஒரு ஆள் என்று தெரிய வேண்டும். யாராவது ஒரு வேலை சொல்ல வேண்டும், அதை அவர் சரியாகச் செய்யாமல் போக வேண்டும், அதற்காக ஒரு நாள் அவள் முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் சிப்பி விழா வந்தது.

அதை ஆரம்பித்ததே மகள்தான். நகரத்தின் சாக்கடைக் குழாய் ஒன்று, சுத்திகரிப்பு நிலையம் போகாமல், நேராகத் தெப்பங்கள் நிற்கும் கடலில் வந்து விழுந்தது. மழை பெய்தால் குழாய் பொங்கும். பொங்கினால் பதினைந்து இருபது நாளைக்கு ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது என்று உத்தரவு வரும். உத்தரவைத் தட்டச்சு செய்து அனுப்புவதே மகளின் அலுவலகம். தன் கையால் தன் வீட்டுத் தொழிலை மூடிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் கோபத்தில் பிறந்தது விழா. தெப்பக்காரர்கள் எல்லாரும் சிப்பி கொண்டுவருவார்கள், பெரிய பானைகளில் வேகவைத்து விற்பார்கள், வருகிற பணம் மாதாமாதம் தண்ணீரைச் சோதிக்கப் போகும். வருகிறவர்கள் குழாயைத் திருப்பச் சொல்லி மனுவில் கையெழுத்துப் போடுவார்கள். இரண்டு வருஷம் இப்படி நடந்தது. ஜனங்கள் வந்தார்கள், தின்றார்கள், கையெழுத்துப் போட்டுக் கை துடைத்துக்கொண்டு போனார்கள். குழாய் தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

மூன்றாம் வருஷம் நகராட்சிப் பொறியாளர் வருவதாக ஒப்புக்கொண்டார். குழாய் எங்கே திரும்ப வேண்டும் என்று படம் வரைகிற கை அவருடையது. பத்து மணிக்கு வருவார், பதினொன்றரைக்குக் கிளம்ப வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக மகள் மூன்று மாதம் தூக்கம் கெட்டாள்.

"எனக்கு ஏதாவது வேலை இருக்காம்மா?" என்று கண்டக்டர் முந்தின நாள் கேட்டார்.

"அதெல்லாம் வேண்டாங்க. நீங்க முன்வரிசையில வந்து உக்காந்தா போதும்."

"சரிம்மா" என்றார்.

முப்பது வருஷம் முதல் பஸ்ஸுக்குப் போன உடம்பு, விழாவன்றும் ஐந்து மணிக்கே எழுந்துகொண்டது. ஏழு மணிக்கு அவர் கடற்கரைத் திடலில் நின்றார். பந்தல் தயார், நாற்காலிகள் தயார், ஆட்கள் யாரும் இல்லை. எல்லாரும் குளித்து உடுத்திவரப் போயிருந்தார்கள். மேடைக்கு முன்னால் பெரிய துணியில் எழுதியிருந்தது: சுத்தமான கடல், சுத்தமான சிப்பி. அதற்கு நேர் கீழே மேஜையில் இரண்டு கண்ணாடித் தொட்டிகள். இரண்டிலும் பச்சையும் பழுப்புமாக, கை விட்டால் விரல் தெரியாத அழுக்குத் தண்ணீர். ஒரு தொட்டிக்குள், சேற்றோடு சேறாக, நாற்பது சிப்பிகள்.

கண்டக்டர் கிட்டப் போய்ப் பார்த்தார். பொறியாளர் வந்து முதலில் பார்க்கப்போவது இதையா? பெண் மூன்று மாதம் உழைத்திருக்கிறாள், யாரோ வேலை தெரியாத பயல் தொட்டியைக்கூடக் கழுவாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறானே!

முதல் டிரிப்புக்கு முன்னால் பஸ்ஸைக் கூட்டித் துடைத்துத்தான் அவருக்குப் பழக்கம். சட்டைக் கையை மடித்தார். இரண்டு தொட்டிகளையும் காலி செய்தார். கண்ணாடியை உள்ளும் புறமும் பளபளவென்று துடைத்தார். கடைக்குப் போய் ஒரு புது டூத்பிரஷ் வாங்கிவந்து, நாற்பது சிப்பிகளையும் ஒவ்வொன்றாக, பல் தேய்க்கிற பதத்தில் தேய்த்தார். விருந்தினருக்காக வாங்கி வைத்திருந்த குடிதண்ணீர் கேன்களில் நான்கைத் திறந்து இரண்டு தொட்டிகளையும் நிரப்பினார். சிப்பிகளை வரிசையாக அடுக்கினார். தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. அப்படி ஒரு சுத்தம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, மனசு குளிர்ந்தார்.

எட்டு மணிக்கு மகள் வந்தாள். பின்னாலேயே மாமன், வெந்த சிப்பி அள்ளும் கரண்டிகளோடு சிப்பிக்காரி.

தொட்டியைப் பார்த்ததும் மகளுடைய முகத்தில் ஈயாடவில்லை.

விஷயம் மாமன் வாயிலிருந்து வந்தது. "யோவ் மச்சான், என்ன காரியம் பண்ணீங்க! அந்த அழுக்குத்தான்யா ஆட்டமே! ரெண்டு தொட்டியிலயும் ஒரே பாசித் தண்ணி. ஒண்ணுல சிப்பி இருக்கு, ஒண்ணுல இல்ல. சிப்பி அந்தப் பாசியக் குடிச்சுக் குடிச்சுத் தண்ணியத் தெளிய வைக்கும். பொறியாளர் கண் முன்னாடி ஒரு தொட்டி தெளியும், இன்னொண்ணு அப்படியே நிக்கும். இத எல்லாருக்கும் காட்டத்தான்... அய்யய்யோ, நல்ல தண்ணியா ஊத்துனீங்க?"

"குடிதண்ணி" என்றார் கண்டக்டர். "கேன்ல இருந்து."

"உப்பில்லாத தண்ணி அதுக்கு விஷம்யா!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. சிப்பிக்காரி தலையில் கைவைத்துக்கொண்டு, "உங்கள யாரு..." என்று ஆரம்பித்தாள். கண்டக்டர் அவளைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது வரும். வரட்டும். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மகள் ஒரு சிப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். இறுக மூடியிருந்தது. அதைக் கீழே வைத்தாள். மூச்சை ஒரு தடவை இழுத்து விட்டாள்.

"பரவால்லங்க" என்றாள். "உங்களுக்குத் தெரியாதுல்ல. நீங்க வந்து இப்படி உக்காருங்க, வெயில் ஏறுது."

ஒரு நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டாள். அதன் தூசியைத் துடைத்தும் விட்டாள்.

மனுஷன் உட்கார்ந்தார். வேறென்ன செய்வது? முப்பது வருஷத்தில் குடிகாரர்கள் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள், செக்கிங் இன்ஸ்பெக்டர் ஐம்பது பேர் முன்னால் கேட்கக் கூடாததைக் கேட்டிருக்கிறார். அப்போதெல்லாம் வராத அழுகை, அந்தத் துடைத்த நாற்காலியில் உட்கார்ந்தபோது வந்தது.

மாமன் படகை எடுத்துக்கொண்டு பாசித் தண்ணீர் மொண்டுவர ஓடினான். அவன் வந்து தொட்டிகளை மறுபடி நிரப்பும்போது மணி ஒன்பதே கால். சிப்பிகளை உள்ளே விட்டார்கள். ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. ஒன்பதரை. ஒன்பதே முக்கால். பத்து மணிக்குப் பொறியாளர் வந்தார். பந்தல் நிறையக் கூட்டம். முன்னால் இரண்டு தொட்டிகள், இரண்டிலும் ஒரே அழுக்கு.

மகள் ஒலிபெருக்கியைப் பிடித்தாள். வீட்டில் சிங்கம், கூட்டத்தில் பேசச் சொன்னால் பூனைக்குட்டி. "இன்னும்... இன்னும் கொஞ்ச நேரத்துல..." என்று இரண்டு தடவை சொன்னாள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. பின்வரிசையில் ஆட்கள் எழுந்து, பானைகளிலிருந்து வாசனை வந்த பக்கம் நகர ஆரம்பித்தார்கள். பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்டக்டருக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை.

"அண்ணே, அக்கா! யாரும் இறங்காதீங்க! வண்டி இன்னும் கிளம்பவே இல்ல!"

ஒலிபெருக்கி அந்தக் குரலுக்குத் தேவையில்லை. நெரிசலில் கடைசிப் படிக்கட்டு வரை போய்ப் பழகிய குரல். போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"வண்டி ஏன் நிக்குதுன்னு சொல்லிடறேன். டிரைவர் மேல தப்பில்ல. கண்டக்டர் மேலதான் தப்பு. அந்தக் கண்டக்டர் நான்தான்!" தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "இந்தப் பொண்ணு காலையிலேயே எல்லாம் ஒழுங்காத்தான் வச்சிட்டுப் போச்சு. நான் என்ன பண்ணேன்? ஐயோ அழுக்கா இருக்கேன்னு, சிப்பிங்கள எல்லாம் டூத்பிரஷ் போட்டுத் தேச்சு, மினரல் வாட்டர்ல குளிப்பாட்டிட்டேன்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் நிறுத்தவில்லை.

"சிரிங்க, தப்பில்ல. ஆனா உள்ள இருக்கறவங்க சிரிக்கல. நாப்பது பேரும் கதவச் சாத்திக்கிட்டாங்க. எங்கூட காய் விட்டுட்டாங்க. திறந்தாத்தான் வேலை ஆரம்பிக்கும். அதுவரைக்கும் யாரும் சீட்ட விட்டு எந்திரிக்கக் கூடாது!"

"செத்துப் போச்சோ என்னவோ" என்றாள் முன்வரிசையில் ஒரு அம்மாள்.

கண்டக்டருக்குப் பதில் தெரியாது. மகளைப் பார்த்தார். அவள் ஒலிபெருக்கியை மறந்து, நேராக அந்த அம்மாளிடம் பேசினாள்.

"இல்லக்கா. செத்தா வாய் தானா பொளந்துக்கும். மூடியிருந்தா உயிரோட இருக்குன்னு அர்த்தம். பிடிக்காத தண்ணி வந்தா மூச்சப் பிடிச்சுக்கிட்டு இப்படித்தான் மூடிக்கும். ஒரு நாள் தாங்கும், ரெண்டு நாள் தாங்கும்." கடல் பக்கம் கையைக் காட்டினாள். "அந்தக் குழாய்ல மழைக்காலத்துல பதினஞ்சு நாள் விடாம வருது. எவ்வளவு நாள்தான் மூடிட்டே இருக்கும், சொல்லுங்க?"

பானைப் பக்கம் போனவர்கள் தட்டோடு திரும்பி வந்து நின்றார்கள். இரண்டு வருஷமாக மேடையில் பேசாத பேச்சில்லை. அதெல்லாம் ஏறாத இடத்தில் இது ஏறியது. பொறியாளர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்து, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

காத்திருந்தார்கள். குழந்தைகள் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டன. எந்தச் சிப்பி முதலில் திறக்கும் என்று பந்தயம்கூட ஆரம்பித்துவிட்டது. கண்டக்டர் நடுநடுவே, "உள்ள தள்ளி நில்லுங்க, பின்னாடி இருக்கறவங்களுக்கும் தெரியணும்" என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். வெளியே அப்படி. உள்ளே அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்பதும் இப்படியே இருந்துவிட்டால், அவள் மறுபடியும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் பூப்போட்ட தட்டில் சோறு போடுவாள். ஆயுசு முழுக்கப் போடுவாள்.

பத்து நாற்பதுக்கு, மூலையில் இருந்த ஒரு சிப்பி ஒரு நூலிழை அளவுக்கு விலகியது.

"தொறந்துடுச்சு!" என்று ஒரு குழந்தை கத்தியது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் மூன்று. அவற்றின் வாயோரத்தில் தண்ணீர் மெல்லச் சுழல்வது தெரிந்தது.

கண்டக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்துக்கோங்க! கதவு திறந்தாச்சு! இனிமே ஆட்டத்தப் பாருங்க! ஒரு சிப்பி, ஒரே ஒரு சிப்பி, ஒரு மணி நேரத்துல இருபது லிட்டர் தண்ணியச் சுத்தம் பண்ணும்!"

"இருபதா?" என்றாள் மகள்.

"இருபது லிட்டர்!"

"ரெண்டு!" அவள் குரல் பந்தலைத் தாண்டி எகிறியது. "ரெண்டு லிட்டர்! யார் சொன்னா உங்களுக்கு இருபதுன்னு? பொறியாளர் எழுதிக்கிட்டு இருக்காரு! தெரியலன்னா வாய மூடிக்கிட்டு இருக்க வேண்டியதுதான? காலையில பண்ணது பத்தலையா? ஒரு பொருள் அங்க இருக்குன்னா ஏன் இருக்குன்னு ஒருத்தரக் கேட்டுட்டு எடுக்கணும்னு தோணாதா? போன் இல்லையா கையில? டூத்பிரஷ் வாங்கக் கடை வரைக்கும் நடக்கத் தெரியுது, ஒரு போன் பண்ணத் தெரியாதா?"

அவள் நிறுத்துகிற மாதிரி இல்லை.

"ஏழு மாசம்! ஏழு மாசமா இது என்ன, அது என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களா? தெப்பத்துப் பக்கம் ஒரு நாள் வந்திருப்பீங்களா? வேலை இருக்காம்மான்னு கேக்க வேண்டியது, வேண்டாம்னா உடனே சரிம்மான்னு போய் உக்காந்துக்க வேண்டியது. ஒரு தடவையாவது இல்ல, நான்தான் செய்வேன்னு கையிலேர்ந்து பிடுங்கியிருக்கீங்களா? நான் என்னன்னு நினைச்சுக்கறது? இந்தக் கடல் பிடிக்கலையோ, எங்களத்தான் பிடிக்கலையோ, என்னிக்கு வேணா பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாரோ, அம்மா மறுபடியும் தனியா..." குரல் உடைந்தது. அப்போதுதான் அவளுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. முந்நூறு பேர், பொறியாளர், முன்வரிசையில் வாயைப் பிளந்தபடி அந்த அம்மாள்.

கண்டக்டர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அவள் தன்னை விருந்தாளியாக வைத்திருக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். தான்தான் விருந்தாளியாக இருந்திருக்கிறோம் என்று அவருக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

பானைப் பக்கத்தில் சிப்பிக்காரி கரண்டியோடு சிலையாக நின்றாள். "டேய், கேட்டியாடா" என்று தம்பியின் தோளைப் பிடித்தாள். "திட்டுறாடா. அவரத் திட்டுறா." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பானையின் ஆவிதான் காரணம் என்றாள் பிற்பாடு.

"மன்னிச்சுக்கோங்க" என்று மகள் தழைந்த குரலில் ஆரம்பித்தாள். "எல்லார் முன்னாடியும் நான்..."

"நிறுத்தாதம்மா" என்றார் கண்டக்டர். "இன்னும் பாக்கி இருந்தா சொல்லிடு. நான் எங்கயும் போகல."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏழு மாதத்தில் முதல் தடவை, பார்க்க வேண்டுமே என்று இல்லாமல் பார்த்தாள்.

சிப்பிகள் பாட்டுக்குத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பதினொன்றரைக்கு ஒரு தொட்டியின் பின்னால் நின்ற குழந்தையின் சட்டை நிறம் தெரிந்தது. பன்னிரண்டுக்கு அந்தச் சட்டையின் பொத்தானை எண்ண முடிந்தது. பக்கத்துத் தொட்டி வைத்தது வைத்தபடி கலங்கி நின்றது. பொறியாளர் கிளம்பும் நேரம் போய் அரை மணி ஆகியிருந்தது. அவர் இரண்டு தொட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, குழாயின் வரைபடம் தன் மேஜையிலேயே இருக்கிறது, திங்கட்கிழமை எடுக்கிறேன் என்றார். திங்கட்கிழமை வந்தால்தான் தெரியும். ஆனால் கையெழுத்துத் தாள்கள் தீர்ந்துபோய், சிப்பி பொட்டலம் கட்ட வைத்திருந்த காகிதத்தில் எல்லாம் ஜனங்கள் போட்டுவிட்டுப் போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் கண்டக்டர் தெளிந்த தொட்டியைத் தூக்கப் போனார். எங்கே கொண்டுபோய் ஊற்ற வேண்டும் என்று தெரியாமல், நின்று, திரும்பி, கேட்டார்.

"சிப்பிய முதல்ல எடுங்க, அப்புறம் தண்ணிய ஊத்துங்க" என்றாள் மகள். "அத மறுபடி தெப்பத்துல கட்டணும். படகுல நீங்களும் வாங்க. கவுந்துடாம உக்காரத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதாம். இத்தனை நாளா கடலோரத்துல இருந்துக்கிட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே வாளியை அவர் கையில் திணித்தாள். இரண்டடி போனவள் திரும்பினாள். "பாக்கி இருந்தா சொல்லுன்னீங்கல்ல? நிறைய இருக்கு. வீட்டுக்கு வாங்க, சொல்றேன்."